வலக்கை ஆறும்வரை எழுதிய கொப்பி

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதற்குப் பிறகு என் கை எழுதியதெல்லாம் கடிதம்தான். அயலில் எழுத்துத் தெரியாத பெண்கள் சிலர் இருந்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு, கொழும்பில் வேலை செய்யும் தம்பிக்கு என்று எழுத வேண்டிவந்தால் என்னிடம் வருவார்கள். ஆட்களுக்கு முன்னால் எனக்கு வாய் வராது. ஆண்கள் யாராவது படலையைத் திறந்தால் நான் குசினிக்குள் போய்விடுவேன். எழுதுவது அப்படியில்லை. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

சண்டைக் காலத்தில் எங்கள் வீடு செங்கலடிக்குக் கிட்ட, ஆற்றோரமாக இருந்தது. வெளியூர்க்காரர் வாவி என்பார்கள், எங்களுக்கு அது ஆறுதான். என் வீட்டுக்காரர் வேளாண்மைக் காலத்தில் வட்டையிலேயே நின்றுவிடுவார். பன்றியும் யானையும் வயலுக்குள் இறங்காமல் காவல் இருக்க வேண்டும். அதனால் துணைக்கு ஆள் இருக்கட்டும் என்று முன்னறையைக் கம்பஸில் படிக்கும் பிள்ளை ஒருத்திக்குக் கொடுத்திருந்தோம். அவளுடைய ஊர் பனிச்சங்கேணி. அந்தப் பக்கம் பாதை திறந்திருந்தால் ஊருக்குப் போய் வருவாள். பூட்டினால் மாதக்கணக்கில் எங்களோடுதான்.

ஒருநாள் அவள் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு பேனையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள, சோதினையா?"

"இல்லக்கா. இது சும்மா எழுதிற கொப்பி."

"சும்மா எழுதவா உன்னக் கம்பஸுக்கு எடுத்தவங்க?"

"ஓமக்கா, புதுசா ஒரு பாடம். எழுத்துப் பயிற்சி. ஒவ்வொரு நாளும் கண்டது, கேட்டது, மனசில வந்தது எல்லாத்தையும் கதைக்கிற மாதிரியே எழுதட்டாம். வெட்டப்படாதாம், திருத்தப்படாதாம். பெரிய சொல்லுப் போட்டு வடிவா எழுதினா மாக்ஸக் குறைப்பாராம் படிப்பிக்கிற சேர்."

"அப்ப எனக்கும் கம்பஸ் கிடைக்கும் போல கிடக்கே."

அவள் சிரித்தாள். எனக்கு அது சிரிப்பாக இருக்கவில்லை. படிப்பு என்றால் புத்தகத்தில் இருப்பதை மண்டைக்குள் ஏற்றுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். வளவில் நடப்பதை எழுதி அதற்கும் மாக்ஸ் போடுகிறார்கள் என்றால், அந்தச் சேர் அதில் எதைத் தேடுகிறார்? தேங்காய் துருவும்போதும் அதே யோசனைதான்.

இரண்டு கிழமைக்குப் பிறகு அவள் விழுந்தாள். ஆமி மறித்துச் சோதிக்கும் சென்றிக்குக் கிட்டப் போனால் எல்லாரும் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அவள் அவசரமாக இறங்கியபோது பாவாடை சங்கிலிக்குள் மாட்டி, கிறவல் றோட்டில் கையை ஊன்றி விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் விரல் நுனி மட்டும் தெரிய முழங்கைவரை பிளாஸ்ரர் போட்டுவிட்டார்கள்.

"எப்ப கா இது கழட்டுவாங்க?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் இளையவளையும் 'கா' போட்டுத்தான் கதைப்போம்.

"தவணை முடிஞ்சபிறகுதான். அதுக்குள்ள கொப்பி குடுக்கணும். பாதிதான் எழுதியிருக்கன்."

"குடுக்காட்டி?"

"பாடம் பெயில். பாடம் பெயிலெண்டா இந்த வருசம் இல்ல."

ஏற்கனவே கம்பஸ் பூட்டிப் பூட்டித் திறந்ததில் அவளுக்கு இரண்டு வருடம் போயிருந்தது. இந்த முறையும் போனால் படித்தது காணும், வந்து என்னோடிருந்து பாய் இழை என்று அவளுடைய தாய் சொல்லியனுப்பியிருந்தார். மற்றப் பிள்ளைகளைக் கேட்டுப் பார்த்தாள். அவரவருக்கு அவரவர் கொப்பியே முடிந்திருக்கவில்லை. ஒரு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். பின்னேரம் தேத்தண்ணி கொண்டுபோன என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அக்கா, நீங்க எழுதுவீங்கதானே?"

"நான் கடிதம் எழுதுவன் புள்ள. இது படிச்சாக்கள்ற வேலை."

"நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. சேர் வடிவாத்தானே எழுதக்கூடா எண்டவர். உங்கட எழுத்து சரியாப் பொருந்தும்."

"நல்லாத்தான் புகழுறாய்," என்றேன். ஆனால் கொப்பியை வாங்கிக்கொண்டேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசைதான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்து சொல்லுவாள். நான் பாயில் குந்தி எழுதுவேன். என் கைக்குத் தெரிந்த ஒரே ஒழுங்கு கடித ஒழுங்குதானே. மேலே பிள்ளையார் சுழி போட்டேன். சேர்தானே வாசிக்கப் போகிறார் என்று "மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு" என்று தொடங்கினேன். "நான் நலம், தங்கள் நலமறிய ஆவல்" என்று எழுதி, அதற்குக் கீழே அவள் சொன்னதை எழுதினேன். முடிவில் "வேறு விசேஷம் இல்லை" என்றும் போட்டேன். ஒவ்வொரு நாளுக்கும் அப்படியே. நான்கு ஐந்து நாள் கழித்துத்தான் அவள் கொப்பியை வாங்கிப் பார்த்தாள். சிரித்த சிரிப்பில் முறிந்த கை நொந்து "ஐயோ அம்மா" என்றும் கத்தினாள்.

"அக்கா, சேர் என்ன கனடாவிலயா இருக்கார்? நலமறிய ஆவலாம்!"

"வெட்டிப்போட்டு மறுகா எழுதட்டா?"

"வெட்டப்படாது, அதுதான் சட்டம். நடக்கிறபடி நடக்கட்டும், இப்படியே எழுதுங்க."

அப்படியே எழுதினோம். அதில் என்ன பிழை வரக்கூடும் என்று படித்த அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

முறிந்த கையோடு அவளால் பஸ்ஸில் நெருக்குப்பட முடியாது. வீட்டிலேயே கிடந்ததால் கொஞ்ச நாளில் எழுத ஒன்றும் இல்லாமல் போனது. "அக்கா, ஆத்தங்கரைப் பக்கம் போய்ப் பாத்திட்டு வாங்களன்," என்று என்னை அனுப்பத் தொடங்கினாள். நான் போய் வந்து, "ஒண்டும் இல்ல புள்ள, நீர்க்காகம் நிக்குது," என்பேன். விடமாட்டாள். எதுக்கு மேல நிக்குது? எந்தப் பக்கம் பாத்து? செட்டை விரிச்சிருக்கா, மடிச்சிருக்கா? எனக்குப் பதில் தெரியாது. திரும்பவும் போவேன். வலை கட்டும் கம்புகளில் ஆளுக்கொரு கம்பாகப் பிடித்துக்கொண்டு, எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்துச் செட்டையை விரித்து நின்றன. பிறந்த நாளிலிருந்து அந்த ஆற்றைப் பார்க்கிறேன், இதைக் கண்டதில்லை. கூனி இறால் வடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் ஏன் இப்படி நிற்கின்றன என்று கேட்டேன்.

"வெயில் காயுதுகள். ஏன் கா, கொடியில துணி காயிறதப் பாத்து நீ கேள்வி கேக்கிறியா? கம்பஸ் புள்ளையோட சேந்து உனக்கும் கழண்டுபோச்சு."

அதையும் வந்து சொன்னேன். அவளுடைய பேச்சையும் கொப்பியில் போட வைத்தாள் பிள்ளை. இப்படிப் போகப் போக, யாரும் அனுப்பாமலே நான் பார்க்கத் தொடங்கிவிட்டேன். மழைக்கு முதல் ஆற்றுத் தண்ணீர் எந்த இடத்தில் கறுக்கிறது, தோணிக்காரர் கரை சேரும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறார், அதெல்லாம். சேர் இதைத்தான் தேடுகிறாரா என்று கேட்பேன். "தெரியாதக்கா," என்பாள், "எங்களுக்கும் அவர் சொல்லல்ல."

ஒருநாள் காலையில் காம்புக்குப் பாண் ஏற்றிக்கொண்டு றோட்டால் ஆமி லொறி போனது. வேலிக்கு இப்பால் இருந்த எங்களுக்குப் பாண் மணம் வந்தது. கடையில் கோதுமை மா இல்லாத நாட்கள். பாணைக் கண்டே கனகாலம். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்: லொறி எந்தப் பக்கமிருந்து வந்தது, மணம் எவ்வளவு நேரம் வேலியில் நின்றது, மத்தியானம் அதே லொறி வெறுமையாகத் திரும்பியபோது என்ன சத்தம் போட்டது.

நான் பேனையை வைத்தேன். கடிதம் எழுதுபவளுக்கு இது தெரியும். கடிதத்தை யார் யாரோ உடைத்துப் பார்ப்பார்கள். அதனால் அந்த நாட்களில் எங்கள் ஊர்க் கடிதம் எதிலும் வாகனம் இருக்காது, யார் வந்தார் யார் போனார் என்று இருக்காது. செத்த வீடு என்றால்கூட எப்படிச் செத்தது என்று இருக்காது. மழை, காய்ச்சல், வேளாண்மை, கோயில் திருவிழா, அவ்வளவுதான் வெளியூர் போகும்.

"லொறிய விடு புள்ள. கூடாது."

"அது லொறி இல்லக்கா, பாண் மணம். பாண் மணத்தயும் எழுதக்கூடாதா?"

பாண் மணத்தை எழுத்தில் எப்படிக் கொண்டுவருவாள் என்று எனக்கும் பார்க்க வேண்டும் போலிருந்தது. எழுதினேன். பிறகு லொறி வரும் நாளெல்லாம் எழுதினோம். மணம் ஒருநாள் கூடுதல், ஒருநாள் குறைவு.

கொப்பி கொடுக்கிற நாள் வந்தது. பையைச் சுமக்க அவளுக்குக் கை இல்லையே என்று நானும் கூடப் போனேன். சென்றியில் பெண்களைத் தனி வரிசையில் விடுவார்கள். அவள் முன்னுக்குப் போனாள். பை என்னிடம் இருந்தது. பையைத் திறந்த ஆமிக்காரன் கொப்பியை எடுத்துப் பக்கம் பக்கமாகத் தட்டினான். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பின்பாதியில் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஒரே மாதிரி வரி, கீழே ஒரே மாதிரி வரி. அது கண்ணில் பட்டிருக்க வேண்டும். உள்ளே இருந்த பெரியவனைக் கூப்பிட்டான். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்.

"மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு," என்று அவன் மெதுவாக வாசித்தான். பிறகு எங்களைப் பார்த்தான். "எந்த ஐயா?"

பிள்ளை திரும்பி ஓடி வந்தாள். "எங்கட சேர். கம்பஸ் சேர். இது என்ட பாடக் கொப்பி."

"பாடத்தில ஏன் லொறி? இந்த நாள் லொறி வந்தது, போனது. அந்த நாள் வந்தது, போனது. ஐயாவுக்கு எல்லாம் சொல்றது. ஆரு இந்த ஐயா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் எழுதியதை வேறொருவன் எடுத்துப் பார்த்தால், நாளுக்கு நாள் யாருக்கோ தகவல் அனுப்புவது போலத்தான் இருக்கும். கடைசியில் வேறு விசேஷம் இல்லை என்று வேறு. வரிசையில் நின்ற பெண்கள் எங்களைப் பார்க்காமல் தாண்டிப் போனார்கள். சென்றியில் மறித்து வைத்தவர்களை யாரும் பார்ப்பதில்லை. நானும் எத்தனையோ பேரை அப்படித் தாண்டிப் போயிருக்கிறேன்.

"கை முறிஞ்சது," என்று பிள்ளை பிளாஸ்ரரை உயர்த்திக் காட்டினாள். "நான் சொன்னன், அக்கா எழுதினா. கொப்பி குடுக்காட்டி எனக்கு வருசம் போயிரும். பாருங்க, முன்னுக்கு என்ட எழுத்து, பின்னுக்கு அக்காட எழுத்து."

அவன் என் பக்கம் திரும்பினான். "நீ எழுதினதா?"

தலையை ஆட்டினேன்.

"எழுதிக் காட்டு."

ஒரு மரப்பெட்டியில் என்னை இருத்தி, கொப்பியின் வெறும் பக்கத்தைத் திறந்து, தன் பேனையைத் தந்தான்.

"என்னத்த எழுத?" என்று கேட்டேன். ஆமிக்காரன் ஒருவனோடு நான் பேசிய முதல் பேச்சு அது.

"ஒவ்வொரு நாளும் எழுதுற மாதிரி."

என் கை தானாகப் பிள்ளையார் சுழியைப் போட்டது. ஐயா அவர்களுக்கு என்று எழுதப் பயந்து விட்டுவிட்டேன். பிறகு நிமிர்ந்து பார்த்தேன். மண் மூட்டைகளின் தையல் வழியாகப் புல் முளைத்திருந்தது. அதை எழுதினேன். மூன்று கல்லில் ஒரு கேத்தல், மூடிக்குப் பதில் சிரட்டை. அதை எழுதினேன். பின்னால் கொடியில் பச்சை உடுப்புகள் காய்ந்தன. அவற்றுக்கு நடுவில் சின்னப் பிள்ளைகளின் துவாய் ஒன்று, மஞ்சள் வாத்துப் படம் போட்டது. இது ஆருடையது, இவ்வளவு பெரிய ஆள் இதால் தலை துடைப்பாரா, அல்லது வீட்டில் பிள்ளையின் துவாயை மாறி எடுத்து வந்துவிட்டாரா, கேட்க எனக்கு வாய் வரவில்லை என்று எழுதினேன்.

அவன் வாங்கி வாசித்தான். பின்பாதி எழுத்தோடு பிடித்துப் பார்த்தான். பிறகு மற்றவர்களுக்குச் சிங்களத்தில் சொன்னான். துவாய் இடத்தில் எல்லாரும் ஒருவனைப் பார்த்துச் சிரித்தார்கள். என் பையைத் திறந்தவன்தான் அவன். முகம் சிவந்து போய்த் துவாயைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டு உள்ளே போனான்.

பெரியவன் சிரிக்கவில்லை. லொறி இருந்த தாள்களைத் தேடித் தேடிக் கிழித்து மடித்துத் தன் பைக்குள் வைத்தான். மிச்சக் கொப்பியைப் பிள்ளையிடம் நீட்டினான். "லொறி எழுத வேண்டாம். துவாய் எழுது. போ."

கம்பஸுக்குப் போய்ச் சேர்ந்தபிறகு அவள் கொப்பியைத் திறந்து, கிழிந்த இடங்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பாண் மணம் முழுக்கப் போச்சக்கா," என்றாள்.

சேர் வயது குறைந்த மனிதர், மெலிந்தவர். நான் அறைக்கு வெளியே வாசல் கரையில் நின்றேன். அவர் நின்றபடியே வாசித்தார். நலமறிய ஆவல் என்ற இடத்தில் அவர் சிரித்தது கேட்டது. கிழிந்த இடங்களைக் காட்டி என்னவென்று கேட்டார். "சென்றியில," என்றாள். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அந்த நாட்களில் அந்த ஒரு சொல் காணும்.

"பாதிக்குப் பிறகு உங்கட எழுத்து இல்ல."

"கை முறிஞ்சது சேர். நான் சொன்னன், வீட்டக்கா எழுதினா."

"அக்கா எழுதினது பரவாயில்ல. நீர்க்காகத்த ஆர் பாத்தது?"

அவள் பொய் சொல்லவில்லை. "அக்காதான் சேர். நான் கேட்டுக் கேட்டு எழுதுவிச்சன்."

"தோணிக்காரர்ர காலப் பாத்தது?"

"அதுவும் அக்கா."

"அப்ப நான் ஆருக்கு மாக்ஸ் போடுற?"

அவள் அழத் தொடங்கினாள். வருசம் போயிரும் சேர், வருசம் போயிரும் சேர் என்று அதையே சொன்னாள். உள்ளே போய், அவள் கேட்டிருக்காவிட்டால் நான் ஒன்றையும் பார்த்திருக்க மாட்டேன் ஐயா என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் கொப்பியை மூடி அவளிடம் நீட்டினார். "இன்னும் ஒரு கிழமை, ஏழு நாள் தாறன். இடக்கையால எழுதுங்க. எழுத்து கோணினாப் பரவாயில்ல. ரெண்டு வரியெண்டாலும் காணும். ஆனா நீங்க பாத்ததா இருக்கணும். எழுதி முடியும்வரை ஆரிட்டயும் கேக்கவும் வேணாம், காட்டவும் வேணாம்." பிறகு வாசல் பக்கம் பார்த்து, "அந்த அக்காவ உள்ளுக்கு வரச் சொல்லுங்களன்," என்றார். நான் அதற்குள் மரத்தடிக்குப் போய்விட்டேன்.

அந்தக் கிழமை எனக்கு வேலையில்லாத கிழமை. அவள் முற்றத்தில் மர வாங்கைப் போட்டு அதில் இருந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு இடக்கையால் எழுதினாள். இரண்டு வரிக்கு ஒரு காலை போகும். நான் விளக்குமாற்றோடு ஏற்கனவே கூட்டிய இடத்தைத் திரும்பக் கூட்டிக்கொண்டு பக்கத்தால் போவேன். பிளாஸ்ரர்க் கையைக் கொப்பிக்கு மேல் போட்டு மறைத்துவிடுவாள்.

"என்ன கா எழுதுறாய்?"

"சேர் காட்டப்படாதெண்டவர்."

"ஒரு சொல்லு?"

"போங்கக்கா, கறி கருகுது."

கறி கருகவில்லை. எத்தனையோ நாளாக அந்தக் கொப்பியில் ஏறுவதெல்லாம் என் கையால் ஏறியது. இப்போது ஒரே முற்றத்தில் இருக்கிறோம், ஒரே வெயில், ஒரே சத்தம். அவள் எதைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் நிமிரும்போது நானும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பேன். வேலி. வாழை. தண்ணீர் வாளி. இதில் என்ன? ஆற்றங்கரைக்குப் போய் வந்து, "இண்டைக்கு நீர்க்காகம் ஒண்டும் இல்ல," என்று சொல்லிப் பார்ப்பேன். "ம்," என்பாள். எந்தப் பக்கம் பார்த்து என்று கேட்கமாட்டாள்.

கிழமை முடிந்து கொப்பியை இடக்கையில் பிடித்துக்கொண்டு தனியாகப் போனாள். சென்றியில் மறிக்கவில்லையாம். சேர் வாங்கி மேசையில் வைத்தாராம். அதன்பிறகு பெறுபேறு வரும்வரை அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிளாஸ்ரரைக் கழற்றினார்கள். கை மெலிந்து வெளிறிப்போய் இருந்தது. அதைப் பார்த்துக்கூட அவளுக்குச் சந்தோசம் வரவில்லை.

பெறுபேறு போட்ட அன்று படலைக்கு வெளியிலேயே சத்தம் கேட்டது.

"பாஸ் அக்கா! பாஸ்! வருசம் போகல்ல!"

கையைக் கழுவாமல் ஓடினேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். என் கையில் இருந்த, கறிக்கு அரைத்த கூட்டு முழுக்க அவள் சட்டையில். அம்மாவுக்குச் சொல்லியனுப்ப வேணும், பாய் இழைக்க வேற ஆளப் பாக்கச் சொல்ல வேணும் என்று குதித்தாள். தண்ணீர் குடித்து மூச்சு வாங்கும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"இனிச் சொல்லலாம்தானே. அந்தக் கிழமை என்ன எழுதினாய்?"

"ஒண்டுமில்லக்கா. கோழி."

"எந்தக் கோழி?"

"உங்கட கோழிதான். கிழமை முழுக்கக் கோழிதான்."

"கோழியில என்ன கா கிடக்கு, ஒரு கிழமைக்கு எழுத?"

"எனக்கு மறந்துபோச்சு," என்று சிரித்துவிட்டுச் சட்டையைக் கழுவக் கிணற்றடிக்குப் போனாள். அவளுக்கு மறந்திருக்காது. எத்தனை தரம் கேட்டும் சொல்லவில்லை. கொப்பியும் சேரோடு போய்விட்டது.

அன்று பின்னேரம் கோழிகளுக்குக் குருணலை எறிந்துவிட்டு அவள் இருந்த அதே வாங்கில் இருந்து பார்த்தேன். கறுப்புக் கோழி ஒன்று கொத்தி, இரண்டடி பின்னுக்குப் போய், கொத்திய இடத்தைத் தலையைச் சரித்து ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு மறுபக்கம் சரித்து மற்றக் கண்ணால் பார்த்தது. இரண்டு கண்ணுக்கும் ஒரே குருணல்தான் தெரியுமா, வேறு வேறாகத் தெரியுமா? கிணற்றடியில் அவள் வாளியைப் போடும் சத்தம் கேட்டது. கூப்பிட்டுக் கேட்க நினைத்தேன். பிறகு விட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் குருணலை எறிந்தேன்.